பழம்பாணி எலெக்ட்ரிக் கிட்டார்: குறைந்த செலவில் தேர்ந்தெடுக்கும் முறை

எலெக்ட்ரிக் கிட்டார்களைப் பொறுத்தவரை ‘விண்டேஜ்’ என்ற சொல், வாசிப்பவர்களிடையேயும் விற்பவர்களிடையேயும், பெரும்பாலும் 1950 முதல் 1960-களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் செய்யப்பட்ட கருவிகளைச் சுட்டுகிறது. கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் 1950-இல் வெளியிட்டு அடுத்த ஆண்டே டெலிகாஸ்டர் என்ற பெயரை ஏற்ற கிட்டார், அவரது நிறுவனத்திலிருந்து 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர், மிச்சிகன் மாநிலத்தின் கலமஸூ நகரில் இயங்கிய கிப்சன் நிறுவனம் 1952-இல் கொண்டுவந்த லெஸ் பால், 1958-இல் கொண்டுவந்த இ.எஸ்-335 ஆகியவை அக்காலத்தின் மூல வடிவங்கள். ஃபெண்டர் நிறுவனம் 1965-இல் சி.பி.எஸ் என்னும் ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 1.3 கோடி டாலருக்கு விற்கப்பட்டதைச் சேகரிப்பாளர்கள் ஓர் எல்லைக்கோடாகக் கருதுகின்றனர். அதற்கு முன் செய்யப்பட்டவற்றுக்குக் கிடைக்கும் மதிப்பு பின்னால் வந்தவற்றுக்குக் கிடைப்பதில்லை.

அக்காலத்து மூலக் கருவிகளை வாங்குவது இன்று சாதாரண வாசிப்பாளரின் கைக்கு எட்டாத காரியம். 1954-இல் 249.50 டாலருக்கு விற்ற ஸ்ட்ராட்டோகாஸ்டரும், 1958 முதல் 1960 வரை மிகக் குறைந்த எண்ணிக்கையில் செய்யப்பட்ட சன்பர்ஸ்ட் நிற லெஸ் பாலும் இப்போது அரும்பொருள்களாகிவிட்டன. பின்னதன் விலை பல லட்சம் டாலர்களைத் தொடுகிறது. ஆகவே இந்த அத்தியாயம் பழம்பாணிக் கருவிகளைப் பற்றியது, அதாவது பழைய வடிவமைப்பைப் பின்பற்றிப் புதிதாகச் செய்யப்படும் கிட்டார்களைப் பற்றியது. ஃபெண்டரின் துணைப் பெயரான ஸ்குவையரின் கிளாசிக் வைப் வரிசை, மெக்சிகோவின் என்செனாடா ஆலையில் செய்யப்படும் ஃபெண்டர் வின்டேரா வரிசை, கிப்சன் 1957-இல் வாங்கிய எபிஃபோன் பெயரில் வரும் லெஸ் பால், எஸ்.ஜி, கேசினோ ஆகியவை, கிரெட்ச் நிறுவனத்தின் ஸ்ட்ரீம்லைனர், எலெக்ட்ரோமேட்டிக் வரிசைகள், டேன்எலெக்ட்ரோவின் மறுபதிப்புகள் ஆகியன இவ்வகையில் எளிதில் காணக்கிடைப்பவை.

பழம்பாணி என்ற ஒரே பெயருக்குள் தோற்றம், கைக்குக் கிடைக்கும் உணர்வு, ஒலி என மூன்று தனித்தனிப் பண்புகள் அடங்கியிருக்கின்றன என்பதைத் தொடக்கத்திலேயே பிரித்தறிந்துகொள்ள வேண்டும். நிறம், உடலின் வெட்டு, தலைப்பகுதியின் வடிவம், மஞ்சள் படிந்த பூச்சு ஆகியவை தோற்றத்தைச் சேர்ந்தவை; இடக்கை பற்றும் பகுதியான நெக்கின் பருமன், விரற்பலகையின் வளைவு, அதன் குறுக்குக் கம்பிகளான ஃபிரெட்டுகளின் உயரம் ஆகியவை கையுணர்வைச் சேர்ந்தவை; தந்தியின் அதிர்வை மின்னழுத்தமாக்கும் பிக்கப்புகளும் மின்சுற்றும் ஒலியைச் சேர்ந்தவை. குறைந்த விலைக் கருவி ஒன்றில் இம்மூன்றும் ஒருசேர முழுமையாக அமைவதில்லை. விற்பனைக்கு முதலில் உதவுவது தோற்றம் என்பதால் ஆலைகள் அதில் தவறுவதில்லை. சுருக்கம் நேர்வது கண்ணுக்குத் தெரியாத மற்ற இரண்டில்தான். இவற்றில் ஒலியைத் தரும் பாகங்களைப் பின்னர் மாற்றிக்கொள்ள முடியும், நெக்கையும் அதில் நடந்த வேலைப்பாட்டையும் அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது. ஆகையால் கையிலிருக்கும் பணத்தில் பெரும்பங்கு நெக்குக்குப் போய்ச் சேரும்படியான கருவியைத் தேடுவதே இவ்வகைத் தேர்வின் அடிப்படை நெறியாக இங்கே முன்வைக்கப்படுகிறது.

எளிமையாகப் பிறந்த வடிவங்கள்

இந்நெறியைப் பின்பற்றுவதற்கு முதல் வழி, மூலத்திலேயே எளிமையாக அமைந்த வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது. டெலிகாஸ்டர் இதற்குத் தலைசிறந்த சான்று. வளைவுகளைச் செதுக்காத தட்டையான மரப்பலகை ஒன்று உடலாகவும், நான்கு திருகுகளால் அதனுடன் பிணைக்கப்பட்ட மேப்பிள் மரத்துண்டு நெக்காகவும், இரண்டே பிக்கப்புகளும் இரண்டே திருகு குமிழ்களும் ஒலியமைப்பாகவும் கொண்ட இக்கருவியை, அதிகப் பயிற்சியில்லாத தொழிலாளர்களும் விரைவாகச் செய்யவும் பழுதான பாகத்தை மட்டும் கழற்றி மாற்றவும் ஏற்றபடி லியோ ஃபெண்டர் வடிவமைத்தார். மலிவாகச் செய்வதற்கென்றே பிறந்த வடிவம் என்பதால் இன்றைய மலிவான ஆலையும் அதை ஏறக்குறைய மூலத்துக்கு நேராகச் செய்துவிட முடிகிறது; கணினி வழி வெட்டும் இயந்திரங்கள் வந்தபின் அந்த இடைவெளி இன்னும் குறைந்துள்ளது.

லெஸ் பால் ஸ்டாண்டர்டின் நிலை வேறு. தடித்த மஹோகனி உடலின் மேல் மேப்பிள் மரத்தை வளைவாகச் செதுக்கி ஒட்டி, நெக்கைத் திருகாமல் கோணம் தவறாது பசையால் பொருத்தி, விளிம்பைச் சுற்றிலும் வெண்ணிறப் பட்டை பதித்து முடிக்கும் அவ்வேலை மூலத்திலேயே செலவு மிக்கது. குறைந்த விலைப் பதிப்புகளில் மேலே தெரியும் வரிவரியான மேப்பிள் பெரும்பாலும் மெல்லிய ஏடாக ஒட்டப்பட்டதாகும். அதனால் கருவி கெட்டுவிடுவதில்லை என்றாலும், கொடுக்கும் பணத்தின் ஒரு பகுதி ஒலிக்கும் கைக்கும் உதவாத அழகுக்குச் செல்கிறது. கிப்சன் ஒலியை விரும்புபவர் அதே தொகையில் லெஸ் பால் ஜூனியர் வகையைப் பார்ப்பது மிகுந்த பயன் தரும். 1954-இல் மாணவர்களுக்கென்று வெளியிடப்பட்ட அக்கருவி தட்டையான உடலும், தந்திகளின் கீழ்முனையருகே பி-90 எனப்படும் ஒற்றைப் பிக்கப்பும், ஓர் ஒலியளவுக் குமிழும் ஒரு தொனிக் குமிழும் மட்டுமே கொண்டது. மாணவர் கிட்டார் என்று ஒதுக்கப்பட்டது பின்னாளில் முரட்டுத்தனமான ராக் இசையின் விருப்பக் கருவியாயிற்று. 1961-இல் லெஸ் பாலுக்கு மாற்றாக வந்த, பின்னர் எஸ்.ஜி என்று பெயர்பெற்ற மெல்லிய உடல் வடிவமும் செதுக்கிய மேப்பிள் மேற்பலகை இல்லாததால் இவ்வகையிலேயே சேரும்.

டேன்எலெக்ட்ரோ இன்னும் ஒரு படி எளியது. நேதன் டேனியல் நியூஜெர்சியில் நடத்திய அந்நிறுவனம், மரச்சட்டத்தின் மேலும் கீழும் மேசனைட் எனப்படும் அழுத்தப்பலகையை ஒட்டி உடலாக்கி, உதட்டுச்சாயக் குழாய் போன்ற உலோக உறைக்குள் பிக்கப்புகளைப் பொதிந்து, சியர்ஸ் அஞ்சல்வழி அங்காடிக்காக சில்வர்டோன் என்ற பெயரிலும் கிட்டார்களை விற்றது. மூலமே அழுத்தப்பலகையால் ஆனது என்பதால் இதன் மறுபதிப்பில் மலிவான பொருள் என்ற குறைக்கே இடமில்லை. கண்ணாடி போலத் தெளிந்து, சற்று மெலிந்து ஒலிக்கும் அதன் தொனியை விலையுயர்ந்த வேறு கருவியிலிருந்து பெறுவதும் கடினம். அவ்வொலி தனக்குத் தேவையா என்பதை மட்டும் வாங்குபவர் முடிவுசெய்ய வேண்டும், ஏனெனில் அது எல்லா வகை இசைக்கும் பொருந்துவதன்று.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் எளிமை, செலவு மிகுதி என்னும் இரு எல்லைகளுக்கும் நடுவில் நிற்கிறது. உடலும் நெக்கும் டெலிகாஸ்டரைப் போலவே திருகால் இணைந்தவை; ஆனால் சுருதியை நெளிக்க உதவும் அசையும் பிரிட்ஜ், அதாவது தந்திகளின் கீழ்முனையைத் தாங்கும் பாலம், பல பாகங்களால் ஆனது. உடலோடு அதைப் பிணைக்கும் ஆறு திருகுகள் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் கருவி சுருதியில் நிற்காது. பாலத்தை அசைக்கும் நெம்புகோலை வாசிப்பில் பயன்படுத்தும் எண்ணம் இல்லாதவர்கள் பாலத்தை உடலோடு ஒட்டி அமரும்படி பின்புறச் சுருள்வில்களை இறுக்கிவைத்துக்கொண்டால் இச்சிக்கலில் பெரும்பகுதி நீங்கிவிடும்.

நெக்கைச் சோதித்தல்

கிட்டாரின் இடக்கை பற்றும் நீண்ட பகுதியான நெக், அதன் மேல் பதிந்த விரற்பலகை, பலகையின் குறுக்கே அறையப்பட்ட ஃபிரெட் எனும் உலோகக் கம்பிகள் ஆகிய மூன்றும் சேர்ந்தே ஒரு கருவி வாசிக்கத்தக்கதா இல்லையா என்பதை முடிவுசெய்கின்றன. இவற்றுள் முதலில் அறிய வேண்டியது ஸ்கேல் நீளம், அதாவது தந்தி தடையின்றி அதிரும் நீளம். ஃபெண்டரின் முதன்மை வடிவங்களில் இது 25.5 அங்குலம், ஏறத்தாழ 648 மில்லிமீட்டர், கிப்சன் வடிவங்களில் சுமார் 628 மில்லிமீட்டர், டேன்எலெக்ட்ரோவில் 635, 1962-இல் வந்த ஃபெண்டர் ஜாகுவாரில் 610. ஒரே தடிமனுள்ள தந்திகளை ஒரே சுருதிக்கு ஏற்றும்போது நீளம் கூடினால் இழுவிசையும் கூடும். எனவே நீண்ட ஸ்கேல் தெறிப்பான, தெளிவான ஒலியையும், குறுகிய ஸ்கேல் விரலுக்கு இளகிய தந்தியையும் தருகின்றன. சிறிய கையுடையவர்களுக்கும், தந்தியை வளைத்து கமகம் போன்ற நெளிவுகளைப் பெற விரும்புபவர்களுக்கும் இவ்வேறுபாடு சில நிமிட வாசிப்பிலேயே புலப்படும்.

இரண்டாவது, விரற்பலகையின் குறுக்கு வளைவு. இதனை அவ்வளைவு எந்த வட்டத்தின் பகுதியோ அதன் ஆரத்தால் அளப்பர். ஆரம் சிறிதானால் பலகை அதிகம் வளைந்திருக்கும். பழைய ஃபெண்டர்களில் இது 7.25 அங்குலம், கிப்சனில் 12 அங்குலம். 7.25 அங்குல வளைவு, ஆள்காட்டி விரலைக் குறுக்கே படியவைத்து நாண்கள் பிடிப்பதற்கு மிக இதமானது. ஆனால் மேல் ஃபிரெட்டுகளில் மெல்லிய தந்தியை நடுப்பகுதி நோக்கித் தள்ளி வளைத்தால், அது பலகையின் உயர்ந்த நடுமேட்டில் இருக்கும் ஃபிரெட்டில் உரசி ஒலி அறுந்துபோகும். இதைத் தவிர்க்கத் தந்திகளைச் சற்று உயர்த்திவைக்க வேண்டியிருக்கும். இங்கேதான் விளம்பரத்துக்கும் கருவிக்கும் உள்ள வேறுபாடு தெரியும்: தோற்றத்தில் 1950-களைச் சொல்லும் ஸ்குவையர் கிளாசிக் வைப் கருவிகளின் வளைவு 9.5 அங்குலம், விலை கூடிய வின்டேராவின் 1950-கள், 1960-கள் வகைகளிலோ பழைய 7.25 அங்குலமே உண்டு. முந்தையது மூலத்திலிருந்து விலகியது என்று சொல்லி அதைத் தள்ளிவிடக் கூடாது. தனியிசைப் பகுதிகளில் தந்தியை நிறைய வளைத்து வாசிப்பவருக்கு 9.5 அங்குலமே ஏற்றது, நாண்களால் பாட்டுக்குத் துணை வாசிப்பவருக்குத்தான் பழைய வளைவு உண்மையான பயன் தரும்.

நெக்கின் பின்புறப் பருமனும் இதே கவனத்துக்குரியது. 1950-களின் தொடக்கத்து டெலிகாஸ்டர்கள் தடித்த நெக் கொண்டவை, அப்பத்தாண்டின் நடுவில் மெல்லிய ‘வி’ வடிவ முகடு தோன்றியது, 1960-களில் வட்டமான மெலிந்த வடிவம் நிலைபெற்றது. லெஸ் பாலிலும் 1958-இன் பருமன் 1960-க்குள் வெகுவாகக் குறைந்தது. அதனால் ஒரு மாதிரியின் பெயரில் ஐம்பதுகள், அறுபதுகள் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் நெக்கின் பருமனைக் குறிக்கும் தகவலாகவே கொள்ளத்தக்கது. எபிஃபோன் லெஸ் பால் ஸ்டாண்டர்டின் ஐம்பதுகள், அறுபதுகள் வகைகளிடையே கைக்குத் தெரியும் முதன்மையான வேறுபாடு இதுவே.

இவ்வளவும் விருப்பத்தைப் பொறுத்தவை. இனி வருவன விருப்பத்தைப் பொறுத்தவையல்ல, எளிதில் சரிசெய்ய முடியாத குறையிருந்தால் கருவியை நிராகரிக்க வேண்டியவை. நெக்கின் பக்கவாட்டு விளிம்பில் விரலை மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்க்கும்போது ஃபிரெட் முனைகள் குத்தக் கூடாது. ஈரம் உலராத மரத்தில் செய்த நெக் பின்னர் சுருங்கும்போது உலோக முனைகள் வெளியே நீட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் அழுத்தி மீட்டி, எங்கேனும் கரகரப்போ, அடுத்த ஃபிரெட்டின் சுரமே மீண்டும் ஒலிப்பதோ உண்டா என்று கேட்க வேண்டும். அப்படியிருந்தால் அந்த ஃபிரெட்டுகள் சமமட்டத்தில் இல்லை. ஓரிரண்டு இடங்களில் மட்டும் இக்குறை தெரிந்தால் பழுதுபார்ப்பவர் தேய்த்துச் சரிசெய்துவிடலாம், பல இடங்களில் தெரிந்தால் அந்த வேலைக்கு ஆகும் செலவு கருவியின் மலிவைத் தின்றுவிடும்.

அடுத்து நெக்கின் நேர்த்தன்மை. தடித்த தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தினால் அத்தந்தியே ஒரு நேர்கோடாக நிற்கும். அப்போது எட்டாம் ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் இடையே ஏறத்தாழ 0.25 மில்லிமீட்டர் இடைவெளி, அதாவது தடித்த காகிதம் நுழையும் அளவு, இருப்பது நல்லது. இடைவெளி அதிகமானால் நெக் முன்னோக்கி வளைந்திருக்கிறது, இடைவெளியே இல்லையெனில் நேராகவோ பின்னோக்கியோ இருக்கிறது. நெக்கின் உள்ளே செல்லும் டிரஸ் ராட் என்னும் எஃகுத்தண்டைத் திருகி இதைச் சரிசெய்ய முடியும் என்பதால் வளைவு மட்டும் குற்றமாகாது; அந்தத் தண்டு இரு பக்கமும் திரும்புகிறதா என்பதே முக்கியம். முழுவதும் இறுகி, மேலும் திரும்பாத தண்டுள்ள கருவியை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது. பழைய அமைப்பைத் துல்லியமாகப் பின்பற்றும் சில ஃபெண்டர் வகைகளில் இத்தண்டின் திருகு நெக்கின் அடிப்பக்கம் இருப்பதால், அதைத் தொடுவதற்கே நெக்கைக் கழற்ற வேண்டும் என்பதையும் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். அசலுக்கு நேரானது என்ற பெருமைக்காக இந்தத் தொல்லையை ஏற்பது, தாமே கருவியைச் செம்மைப்படுத்தும் பழக்கமில்லாதவருக்குப் பொருத்தமானதாகத் தோன்றவில்லை.

தலைப்பகுதிக்கும் விரற்பலகைக்கும் இடையில் தந்திகளைப் பள்ளங்களில் தாங்கும் சிறு துண்டு நட் எனப்படும். சுருதி கூட்டும்போது ‘டிக்’ என்ற ஓசையுடன் சுருதி தாவினால் தந்தி பள்ளத்தில் சிக்குகிறது என்று பொருள். சுருதி நிற்கவில்லை என்று பலர் குறைகூறும் மலிவுக் கருவிகளில் குற்றம் பெரும்பாலும் முறுக்காணிகளில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. நட்டை மாற்றுவதற்குச் செலவு குறைவு, எலும்பால் ஆனதாக மாற்றிக்கொண்டால் பயன் பெரிது. கடைசியாக, நெக்கின் இரு ஓரத் தந்திகளும் பலகையின் விளிம்பிலிருந்து சம தூரத்தில் ஓடுகின்றனவா என்று மேலிருந்து நோக்க வேண்டும்; மெல்லிய தந்தி விளிம்பை ஒட்டி ஓடினால் வாசிக்கும்போது விரலிலிருந்து நழுவி விழும்.

மேற்குத் தொடர்ச்சி மலையும் விரற்பலகையும்

பழம்பாணிக் கருவிகளில் விரற்பலகையின் மரம் பற்றி விற்பனைக் குறிப்புகள் அதிகம் பேசுகின்றன, அதன் பின்னணியில் தென்னிந்தியாவுக்கும் பங்குண்டு. ஃபெண்டர் 1950-களின் இறுதியில் மேப்பிள் நெக்கின் மேல் ரோஸ்வுட் பலகையை ஒட்டத் தொடங்கியபோது முதலில் பயன்பட்டது பிரேசில் நாட்டு மரம்; அது அரிதானபின், தமிழில் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் வழங்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கருமரம் உலகெங்கும் கிட்டார் ஆலைகளுக்குப் போயிற்று. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் பிரேசில் மரத்தை 1992-இல் மிகக் கடுமையான முதல் பட்டியலிலும், ஈட்டி உட்பட அதே பேரினத்து மற்ற மரங்களை 2017 ஜனவரி 2 முதல் இரண்டாம் பட்டியலிலும் சேர்த்தது. அம்மரங்களைக் கொண்டு விற்பனைக்காக எல்லை கடக்கும் கிட்டார்களுக்கு ஆவணம் தேவைப்பட்டதால் மலிவுக் கருவி செய்யும் ஆலைகள் வேறு மரங்களுக்கு மாறின. 2019 இறுதியில் செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்ட பின்னும் அம்மாற்றம் பெருமளவு நீடிக்கிறது. இப்போது ஸ்குவையரிலும் எபிஃபோனிலும் ‘இந்தியன் லாரல்’ என்று குறிக்கப்படுவது நம் காடுகளின் கருமருதுதான். நிறத்தில் ஈட்டியைவிட வெளிறியும் வறண்டும் தோன்றும் இம்மரம் உறுதியிலோ உழைப்பிலோ தாழ்ந்ததன்று. ஈட்டிப் பலகைக்காக மட்டும் அடுத்த விலைப்படிக்கு ஏறுவது வீண்செலவு.

பிக்கப்புகளும் மின்சுற்றும்

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி முடியினும் மெல்லிய செப்புக்கம்பியைப் பல ஆயிரம் முறை சுற்றிச் செய்த சுருள். எஃகுத் தந்தி அதன் மேல் அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் சிறு மின்னழுத்தம் பிறந்து, அதுவே ஆம்ப்ளிஃபையரில் பெருக்கப்பட்டு ஒலியாகிறது. ஒரு சுருள் மட்டும் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப் தெளிவாகவும் கூர்மையாகவும் ஒலிக்கும், ஆனால் சுற்றியுள்ள மின்கம்பிகளின் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகளாக அலைவதால் அவ்வதிர்வும் அதன் மடங்குகளும் தாழ்ந்த ரீங்காரமாகக் கேட்கும். வீட்டின் நிலத்தொடர்பு சரியில்லாத இடங்களில் அது மிகும். இரு சுருள்களை எதிரெதிராக இணைத்து இந்த இரைச்சலை அழிக்கும் ஹம்பக்கரை கிப்சனின் சேத் லவர் உருவாக்கினார். 1955-இல் அதற்குக் காப்புரிமை கோரப்பட்டது, 1957-இல் லெஸ் பாலில் இடம்பெற்றது. அடிப்புறத்தில் காப்புரிமை கோரப்பட்டுள்ளதாக அறிவிக்கும் சிறு ஒட்டுத்தாள் கொண்ட அத்தொடக்ககாலப் பிக்கப்புகளே பி.ஏ.எஃப் என்று புகழ்பெற்றவை.

பழைய ஒலியை நாடுபவர் குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை காந்தத்தின் வகையும் சுருளின் அளவும். அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகியவற்றை இரும்புடன் கலந்த ஆல்னிக்கோ காந்தமே பழைய பிக்கப்புகளில் பயன்பட்டது. ஃபெண்டர் பிக்கப்புகளில் ஒவ்வொரு தந்திக்கும் கீழே நிற்கும் தண்டே காந்தமாக இருந்தது. மிக மலிவான கருவிகளிலோ எஃகுத் தண்டுகளின் அடியில் செராமிக் காந்தப் பட்டை ஒட்டப்பட்டிருக்கும். அது பலத்த ஒலி தந்தாலும், மென்மையாக மீட்டுவதற்கும் அழுத்தி மீட்டுவதற்கும் இடையிலான வேறுபாட்டைப் பெரும்பாலும் குறைத்துவிடும். சுருளின் மின்தடை அதன் சுற்றுகளின் அளவைத் தோராயமாகக் காட்டும்: பழம்பாணி ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப்பில் இது சுமார் 5.5 முதல் 6.5 கிலோ ஓம், பி.ஏ.எஃப் வழிவந்த ஹம்பக்கரில் சுமார் 7 முதல் 9 கிலோ ஓம். இவற்றைவிட மிக அதிகமான எண் இருந்தால் அது கனத்த உருமலுக்காகச் சுற்றப்பட்ட நவீனப் பிக்கப் என்று கொள்ளலாம்.

மூலத்தைப் பின்பற்றுவதே எப்போதும் நன்மை என்று எண்ணிவிடவும் கூடாது. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பழைய பிக்கப்பில் காந்தத் தண்டுகள் ஏற்றத்தாழ்வான உயரங்களில் நிற்கும். மூன்றாம் தந்தி அக்காலத்தில் மேற்சுற்றுக் கம்பி கொண்டதாக இருந்ததால் அதன் தண்டு மற்றவற்றைவிட உயர்த்தப்பட்டது. இன்றைய தந்தித் தொகுதிகளில் மூன்றாம் தந்தி சுற்றில்லாத வெறும் எஃகு என்பதால், அதே அமைப்பில் அது மட்டும் தூக்கலாகக் கேட்கிறது. அதேபோல் மூலத்தில் மூன்று நிலைகள் மட்டுமே கொண்ட தேர்வுவிசை இருந்தது. இரு பிக்கப்புகளைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் இடைநிலைகளை வாசிப்பவர்கள் விசையை நடுவில் நிறுத்திப் பெற்றுவந்தனர், ஐந்து நிலை விசையை ஆலை 1977-இல்தான் ஏற்றுக்கொண்டது. நடுப் பிக்கப்பை எதிர்த்திசையில் சுற்றிய புதிய கருவிகளில் அந்த இடைநிலைகளில் இரைச்சலும் அடங்கிவிடுகிறது. இவ்விரு மாற்றங்களையும் குறைந்த விலைக் கருவியில் கண்டால் வரவேற்க வேண்டும்.

பிக்கப்புகளை மாற்றும் ஆசை புதிய உரிமையாளருக்கு விரைவில் வரும். நல்ல பிக்கப் தொகுதி ஒன்றின் விலை மலிவான கிட்டாரின் விலையில் பாதியைக்கூட எட்டக்கூடும் என்பதால், அதற்கு முன் செய்யத்தக்க சிறு வேலைகளைச் செய்துபார்ப்பது அறிவுடைமை. பிக்கப்பின் இருபுறமும் உள்ள திருகுகளால் அதைத் தந்தியிலிருந்து சற்றுத் தாழ்த்தினாலே பல கருவிகளின் கரகரப்பு நீங்கி ஒலி திறந்துவரும். ஒலியளவையும் தொனியையும் மாற்றும் பொட்டென்ஷியோமீட்டர்கள் மலிவாக இருந்தால் அவற்றை மாற்றலாம். சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் என்பது வழக்கம். தொனிக் கெப்பாசிட்டரை ஒலியளவுக் குமிழின் உள்வரும் முனையிலிருந்து பிரித்து வெளிச்செல்லும் முனையில் இணைப்பது ‘ஐம்பதுகளின் இணைப்பு’ எனப்படுகிறது. இதனால் ஒலியளவைக் குறைக்கும்போதும் மேல்சுரங்களின் பளபளப்பு மங்குவதில்லை. ஒரு கம்பியை இடம் மாற்றிப் பற்றவைப்பதற்கு மேல் இதில் செலவு ஏதுமில்லை.

மரம், பூச்சு, தேய்மானம்

உடல் மரம் பற்றிய விவாதத்தில் நீண்ட நேரம் செலவிடத் தேவையில்லை. மூலங்களில் ஆஷ், ஆல்டர், மஹோகனி ஆகியவை பயன்பட்டன. மலிவுப் பதிப்புகளில் பாப்ளர், நேட்டோ, பாஸ்வுட், பைன் போன்றவை வருகின்றன. மரத்தின் இனத்தைவிட எடையே வாங்குபவருக்கு உறுதியாகத் தெரியும் பண்பு: நின்றபடி இரண்டு மணி நேரம் வாசிப்பவருக்கு மூன்றரை கிலோவுக்கும் நாலரை கிலோவுக்கும் உள்ள வேறுபாடு தோளில் தெரியும்.

பூச்சைப் பொறுத்தவரை, பழைய கருவிகளில் நைட்ரோசெல்லுலோஸ் அரக்கு மெல்லியதாகப் பூசப்பட்டது. அது காலப்போக்கில் மஞ்சளித்து, நுண்ணிய விரிசல்கள் விட்டு, தொடும் இடங்களில் தேயும். இன்றைய மலிவுக் கருவிகள் பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர் பூச்சு கொண்டவை. வெப்பமும் வியர்வையும் மிகுந்த கடலோர ஊர்களில் நைட்ரோ பூசிய நெக் கையில் பிசுபிசுக்கும், ரப்பர் பதித்த தாங்கியில் வைத்தால் பூச்சு கரைந்து ஒட்டிக்கொள்ளும். ஆகவே மலிவுக் கருவியின் வன்மையான பூச்சு இங்கே அனுகூலமே. நெக்கின் பின்புறம் பளபளப்பாக இருந்து கை வழுக்காமல் பிடித்தால், மிக நுண்ணிய உராய்வுத் தாளால் மெல்லத் தேய்த்து மங்கலாக்கிவிடலாம். ஆலையிலேயே வேண்டுமென்று தேய்த்துப் பழையதுபோலாக்கிய கருவிகளுக்குக் கூடுதல் விலை கொடுப்பது இவ்வரவுசெலவில் நியாயப்படுத்த இயலாதது. அந்தத் தொகைக்கு ஒரு நல்ல ஃபிரெட் சீரமைப்பு கிடைக்கும்.

பிறர் பயன்படுத்திய கருவியை வாங்குதல்

புதிய ஸ்குவையருக்கு ஆகும் தொகையில் பயன்படுத்திய மெக்சிகோ ஃபெண்டர் கிடைப்பதுண்டு, அது பெரும்பாலும் சிறந்த வாங்கலாக அமையும். இத்தகைய கருவியில் முதல் சில ஃபிரெட்டுகளில் தந்தி பதிந்த குழிகள் எவ்வளவு ஆழம், குமிழ்களைத் திருப்பும்போது கரகரப்பு எழுகிறதா, கம்பி செருகும் துளை ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். கிப்சன் வகைக் கருவிகளில் தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் கீழே விழுந்தால் முறிவது அங்கேயே. நட்டின் பின்புறத்தில் பூச்சுக்கடியில் மெல்லிய கோடு தெரிகிறதா என்று விளக்கொளியைச் சாய்த்துக் காட்டி நோக்குவது அவசியம். நன்கு ஒட்டப்பட்ட முறிவு ஒலியைக் கெடுப்பதில்லை, ஆனால் விலை வெகுவாகக் குறைய வேண்டும். தலைப்பகுதியில் ஸ்குவையர் பெயரை அழித்து ஃபெண்டர் பெயரை ஒட்டி விற்பதும் நடப்பதால், விற்பவர் அனுமதித்தால் நெக்கைக் கழற்றி உள்ளே உள்ள முத்திரைகளையும், மின்சுற்று மூடியைத் திறந்து பாகங்களின் தரத்தையும் ஒப்பிட வேண்டும்; அனுமதி மறுக்கப்பட்டால் அந்தக் கருவியை ஸ்குவையர் என்றே கருதி விலை பேச வேண்டும். அமெரிக்காவிலிருந்து உறவினர் மூலம் கிட்டாரோடு ஆம்ப்ளிஃபையரையும் வரவழைப்பவர்கள், அது 120 வோல்ட் மின்சாரத்துக்கானதா என்பதைச் செருகுவதற்கு முன் அறிந்துகொள்ள வேண்டும். 230 வோல்ட்டில் நேராக இணைத்தால் அது எரிந்துபோகும்.

வாங்கும் தொகையை மதிப்பிடும்போதே, முதல் மாதத்தில் ஒரு தேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் கருவியைச் செம்மைப்படுத்துவதற்கான கூலியையும் ஒதுக்கிவைக்க வேண்டும். அவர் நெக்கின் வளைவைச் சீராக்கி, 7.25 அங்குல வளைவுள்ள கருவியாயின் பதினேழாம் ஃபிரெட்டின் மேல் தடித்த தந்தி 2 மில்லிமீட்டரும் மெல்லிய தந்தி 1.6 மில்லிமீட்டரும் உயர்ந்து நிற்கும்படி அமைத்து, பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அழுத்திய சுரம் அதே இடத்து மேல்சுரத்தோடு இணையும்படி பாலத்தின் சேடில்களை, அதாவது ஒவ்வொரு தந்தியும் அமரும் சிறு இருக்கைகளை, நகர்த்துவார். பழைய டெலிகாஸ்டர் முறையில் ஆறு தந்திகளுக்கு மூன்றே சேடில்கள் இருப்பதால் இந்த இணக்கம் முழுமையாக வாய்க்காது. சாய்வாகச் செதுக்கிய பித்தளைச் சேடில்கள் மூன்றை வாங்கிப் பொருத்தினால் பழைய தோற்றமும் மாறாமல் சுருதியும் சேரும். பின்னாளில் தந்தியின் தடிமனை மாற்றினால், உதாரணமாக 0.010 அங்குலத் தொகுதியிலிருந்து 0.011 அங்குலத் தொகுதிக்குச் சென்றால், இழுவிசை கூடி நெக்கும் அசையும் பாலமும் இடம் பெயரும் என்பதால், இந்தச் சீரமைப்பு முழுவதையும் மீண்டும் செய்ய வேண்டியிருக்கும்.